வாட்ஸ்அப்பிலிருந்து வேறு செயலிக்கு ஏன் மெசேஜ் போகாது?

2016 செப்டம்பரில் ஜியோ சிம் வாங்கியவர்களுக்கு அந்த நாட்கள் மறந்திருக்காது. டேட்டா இலவசம், பேச்சும் இலவசம். ஆனால் ஏர்டெல் எண்ணுக்கோ வோடஃபோன் எண்ணுக்கோ அழைத்தால் லைன் கிடைப்பதே பெரும்பாடு. இரண்டு நிறுவனங்களின் நெட்வொர்க்குகள் சந்திக்கும் இடங்களில் போதிய இணைப்புகளைப் பழைய நிறுவனங்கள் தரவில்லை என்று ஜியோ புகார் சொன்னது. இலவச அழைப்புகளை வெள்ளம்போல் எங்கள் பக்கம் திருப்பிவிட்டால் நாங்கள் எப்படிச் சமாளிப்பது என்று அவர்கள் பதிலுக்குக் கேட்டார்கள். அக்டோபரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தலையிட்டது. ஏர்டெல், வோடஃபோன், ஐடியா மூன்றுக்கும் சேர்த்து 3,050 கோடி ரூபாய் அபராதம் விதிக்கலாம் என்று பரிந்துரைத்தது.

அந்தச் சண்டையில் ஒரு விஷயத்தை மட்டும் யாரும் மறுக்கவில்லை. புதிதாக வந்த கம்பெனியின் அழைப்பைப் பழைய கம்பெனி ஏற்றுத்தான் ஆக வேண்டும். தொலைபேசி உரிமம் வாங்கும்போதே அந்தக் கடமையும் சேர்ந்து வருகிறது. எத்தனை இணைப்பு, எப்போது, யார் செலவில் என்பதில்தான் தகராறு.

வாட்ஸ்அப்புக்கு அப்படி ஒரு உரிமமும் இல்லை, கடமையும் இல்லை. சிக்னல் செயலியில் இருப்பவருக்கு டெலிகிராமிலிருந்து 'சாப்பிட்டாயா' என்று அனுப்ப முடியாது. ஆப்பிளின் ஐமெசேஜுக்கும் வாட்ஸ்அப்புக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. நமக்கு இது பழகிவிட்டது. போனில் நாலு செயலிகளை வைத்துக்கொண்டு யார் எதில் இருக்கிறார்கள் என்று நினைவில் வைத்துக்கொள்கிறோம். மின்னஞ்சலில் இப்படி இல்லை. ஜிமெயிலிலிருந்து யாஹூவுக்கு, யாஹூவிலிருந்து அலுவலக முகவரிக்கு என்று எங்கிருந்தும் எங்கும் போகும். வெவ்வேறு நிறுவனங்களின் சேவைகள் இப்படி ஒன்றோடொன்று பேசிக்கொள்வதைத்தான் இன்டர்ஆபரபிலிட்டி என்கிறார்கள். இந்தக் கட்டுரையில் 'இணைந்தியங்குவது' என்றே வைத்துக்கொள்வோம். மெசேஜிங் செயலிகளைச் சட்டம் போட்டு இணைந்தியங்க வைக்கலாமா, வைத்தால் என்ன ஆகும்? ஐரோப்பா இதைச் செய்துபார்க்கிறது.

முதலில், சட்டம் ஏன் இதில் தலையிட வேண்டும் என்ற கேள்வி. பிடிக்கவில்லை என்றால் வேறு செயலிக்குப் போக வேண்டியதுதானே, யாராவது கையைக் கட்டிவைத்திருக்கிறார்களா?

கையைக் கட்டிவைத்திருப்பது கம்பெனி அல்ல, நம் சொந்தபந்தம்தான். சோப்போ ஷாம்பூவோ பிடிக்கவில்லை என்றால் நான் மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மெசேஜிங் செயலியை நான் மட்டும் மாற்றிப் பயனில்லை. குடும்பக் குழு, பள்ளிக்கூடப் பெற்றோர் குழு, அடுக்குமாடிக் குடியிருப்போர் குழு, கேஸ் புக்கிங் எல்லாம் அந்தப் பக்கம் இருக்கும்போது நான் இந்தப் பக்கம் வந்து யாரிடம் பேசுவது? ஆள் சேரச் சேரச் சேவையின் மதிப்பு கூடுகிறது, மதிப்பு கூடக்கூட இன்னும் ஆள் சேர்கிறது. பொருளாதாரத்தில் இதை நெட்வொர்க் எஃபெக்ட் என்பார்கள். இந்தச் சுழலில் முதலில் பெரிதாக வளர்ந்தவரை, அவரைவிட நல்ல செயலி செய்வதால் மட்டும் வீழ்த்திவிட முடியாது.

நம் ஊர் உதாரணமே இருக்கிறது. ஸோஹோ நிறுவனத்தின் 'அரட்டை' 2021-இல் வந்தது. நாலு வருடம் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 2025 செப்டம்பர் கடைசியில் திடீரென்று அலை அடித்தது. நாளொன்றுக்கு 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்த இடத்தில் மூன்று நாட்களில் அது 3,50,000 ஆனதாக ஸோஹோவை நிறுவிய ஸ்ரீதர் வேம்பு எழுதினார். பலரும் ஆர்வத்தோடு இறக்கினார்கள், தொடர்புப் பட்டியலைப் பார்த்தார்கள், அங்கே வந்திருந்த சிலருக்கு வணக்கம் வைத்தார்கள். அப்புறம் வழக்கமான பேச்சுக்கு வாட்ஸ்அப்புக்கே திரும்பினார்கள். செயலி நன்றாக இருக்கிறதா இல்லையா என்ற கேள்வி வருவதற்கு முன்பே, ஆள் இருக்கிறாரா என்ற கேள்வியில் ஆட்டம் முடிந்துவிடுகிறது.

இந்த இடத்தில்தான் இணைந்தியங்குவது என்ற யோசனை வருகிறது. அரட்டையில் இருந்தபடியே வாட்ஸ்அப்பில் இருக்கும் அத்தைக்கு மெசேஜ் அனுப்ப முடிந்தால், அத்தையைச் செயலி மாற்றச் சொல்லிக் கெஞ்ச வேண்டாம். எனக்குப் பிடித்ததில் நான் இருப்பேன், அவருக்குப் பழகியதில் அவர் இருப்பார். பெரிய கம்பெனியை உடைக்கவும் வேண்டாம், தடை செய்யவும் வேண்டாம். அதன் ஆள்பலம் அதற்கு மட்டுமே சொந்தமான கோட்டையாக இருப்பதை நிறுத்தினால் போதும்.

வழக்கமான போட்டிச் சட்டத்தை வைத்து இதைச் செய்ய முடியாதா? கொஞ்சம் முடியும், ரொம்ப மெதுவாக.

போட்டிச் சட்டம் பெரிதாக வளர்வதைக் குற்றமாகப் பார்ப்பதில்லை. இந்தியாவின் 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு சந்தையில் ஆதிக்கம் செலுத்துவதைத் தடுக்கவில்லை; அந்த ஆதிக்கத்தைத் துஷ்பிரயோகம் செய்வதைத்தான் தடுக்கிறது. ஆக, ஒவ்வொரு முறையும் மூன்று படி ஏற வேண்டும். எது சந்தை என்று வரையறுக்க வேண்டும், அதில் இவர்கள் ஆதிக்கம் செலுத்துகிறார்கள் என்று காட்ட வேண்டும், அந்த ஆதிக்கத்தை வைத்துத் தவறு செய்தார்கள் என்று நிரூபிக்க வேண்டும். எல்லாம் தவறு நடந்து முடிந்த பிறகு.

வாட்ஸ்அப் மீது நம் ஊரில் நடந்ததைப் பாருங்கள். 2021 ஜனவரியில் வாட்ஸ்அப் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றி, ஏற்றுக்கொள் அல்லது வெளியே போ என்ற தொனியில் அறிவிப்பு அனுப்பியது. மார்ச்சில் இந்தியப் போட்டி ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது. தீர்ப்பு வந்தது 2024 நவம்பரில்: வாட்ஸ்அப்பின் உரிமையாளரான மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம், கூடவே விளம்பரத்துக்காக வாட்ஸ்அப் தகவல்களை மெட்டாவின் மற்ற நிறுவனங்களோடு பகிர ஐந்தாண்டுத் தடை. மேல்முறையீட்டுக்குப் போனார்கள். 2025 நவம்பரில் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது, ஐந்தாண்டுத் தடையை நீக்கியது. கிட்டத்தட்ட ஐந்து வருடம். இதன் பலனாக வேறொரு செயலிக்கு ஒரு மெசேஜாவது போனதா என்றால், இல்லை. வழக்கு தகவல் பகிர்வைப் பற்றியது, இணைப்பைப் பற்றியதல்ல.

இணைப்பைப் பற்றியே நடந்த பெரிய வழக்கும் உண்டு. மைக்ரோசாஃப்ட் தன் சர்வர் மென்பொருள் விண்டோஸோடு எப்படிப் பேசுகிறது என்ற விவரத்தைப் போட்டியாளர்களுக்குத் தர மறுக்கிறது என்று சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1998-இல் ஐரோப்பிய ஆணையத்திடம் போனது. 2004-இல் 49.7 கோடி யூரோ அபராதமும், விவரங்களைத் தர வேண்டும் என்ற ஆணையும் வந்தன. 2007-இல் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சொன்னபடி செய்யவில்லை என்று 2008-இல் இன்னும் 89.9 கோடி யூரோ. வென்றது ஐரோப்பாதான். ஆனால் புகார் கொடுத்த நாளிலிருந்து பத்து ஆண்டு. மென்பொருள் உலகில் பத்து ஆண்டு என்பது ஒரு தலைமுறை.

மெசேஜிங்கிலும் பழைய கதை ஒன்று இருக்கிறது, சொல்லாமல் போக மனமில்லை. 1999-இல் அமெரிக்காவில் ஏஓஎல் நிறுவனத்தின் இன்ஸ்டன்ட் மெசஞ்சர்தான் ராஜா. மைக்ரோசாஃப்ட் தன் எம்எஸ்என் மெசஞ்சரை வெளியிட்டபோது, அதிலிருந்து ஏஓஎல் நண்பர்களோடும் பேசலாம் என்று அனுமதி கேட்காமலே வசதி செய்துவிட்டது. ஏஓஎல் அடைத்தது. மைக்ரோசாஃப்ட் வேறு வழியில் நுழைந்தது. மறுபடி அடைத்தது, மறுபடி நுழைந்தது. கடைசியில் ஏஓஎல் தன் சொந்தச் செயலியில் இருந்த ஒரு பாதுகாப்பு ஓட்டையையே பயன்படுத்தி, எதிரே இருப்பது அசல் ஏஓஎல் செயலியா போலியா என்று சோதிக்கத் தொடங்கியது. மைக்ரோசாஃப்ட் கையை உயர்த்திவிட்டது. அன்றைக்கு ஏஓஎல் சொன்ன காரணம் என்ன தெரியுமா? பயனர்களின் பாதுகாப்பு. அந்த வாதம் இருபத்தைந்து வருடமாக அதே வடிவில் சுற்றி வருகிறது. சில சமயம் அதில் உண்மையும் இருக்கிறது என்பதுதான் சிக்கல்.

2001-இல் ஏஓஎல் டைம் வார்னரோடு இணைந்தபோது அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் ஒரு நிபந்தனை போட்டது: வீடியோ போன்ற அடுத்த தலைமுறை மெசேஜிங் வசதிகளைக் கொண்டுவர வேண்டுமானால் முதலில் போட்டியாளர்களோடு இணைய வேண்டும். அன்றிருந்த சாதாரண எழுத்துச் செய்தியை அந்த நிபந்தனை தொடவே இல்லை. 2003-இல் நிபந்தனையையே நீக்கிவிட்டார்கள்.

சட்டம் இல்லாமலும் இணைப்பு நடந்திருக்கிறது. எக்ஸ்எம்பிபி என்ற திறந்த நெறிமுறையை, அதாவது செயலிகள் பேசிக்கொள்ள யாரும் பயன்படுத்தக்கூடிய பொது விதிகளை வைத்து 2005-இல் வந்த கூகுள் டாக், வெளி சர்வர்களோடும் பேசியது. ஃபேஸ்புக் சாட்டும் 2010-இல் அந்த நெறிமுறைக்கு ஒரு வாசலைத் திறந்தது. சின்னவராக இருக்கும்போது கதவைத் திறந்து வைப்பதில் லாபம். பெரியவரான பிறகு மூடுவதில் லாபம். 2013-இல் ஹேங்அவுட்ஸ் வந்தபோது கூகுள் அந்த வழியிலிருந்து விலகத் தொடங்கியது. 2015-இல் ஃபேஸ்புக் மூடியது.

சரி, இப்போது ஐரோப்பா. வழக்கு போட்டு, நிரூபித்து, மேல்முறையீடு முடியும்வரை காத்திருப்பது சரிப்படாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் டிஜிட்டல் சந்தைகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. சுருக்கமாக டிஎம்ஏ. இதன் தர்க்கம் வேறு. தவறு செய்தாயா என்று கேட்பதில்லை. நீ இவ்வளவு பெரியவன், ஆகவே இந்தக் கடமைகள் உனக்கு உண்டு என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. தொலைபேசி உரிமத்தோடு கடமை வருவதுபோல, இங்கே அளவோடு கடமை வருகிறது.

எவ்வளவு பெரியவர்? ஐரோப்பாவில் ஆண்டு விற்றுமுதல் 750 கோடி யூரோ, அல்லது சந்தை மதிப்பு 7,500 கோடி யூரோ. கூடவே மாதம் 4.5 கோடிப் பயனர்கள், ஆண்டுக்கு 10,000 வணிகப் பயனர்கள். இந்த அளவைத் தாண்டினால் 'கேட்கீப்பர்', அதாவது வாசலில் நிற்பவர். 2023 செப்டம்பர் 6-ஆம் தேதி முதல் பட்டியல் வந்தது: ஆல்ஃபபெட், அமேசான், ஆப்பிள், பைட்டான்ஸ், மெட்டா, மைக்ரோசாஃப்ட். மெசேஜிங் சேவை என்ற வகையில் சிக்கியவை இரண்டு, வாட்ஸ்அப்பும் மெசஞ்சரும். இரண்டும் மெட்டாவுடையவை. கடமையை மீறினால் உலகளாவிய விற்றுமுதலில் 10 சதவீதம்வரை அபராதம், திரும்பத் திரும்பச் செய்தால் 20 சதவீதம்வரை.

ஐமெசேஜ் தப்பித்துவிட்டது. ஆணையம் தனியாக விசாரித்து, 2024 பிப்ரவரியில் அதைப் பட்டியலில் சேர்க்கவில்லை என்று அறிவித்தது. ஐரோப்பியர்கள் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் இருக்கிறார்கள். ஐமெசேஜின் பிடி அமெரிக்காவில்தான். அங்கே ஆண்ட்ராய்டு போனிலிருந்து வரும் மெசேஜ் பச்சைக் குமிழியாகத் தெரிவது பள்ளிப் பிள்ளைகளுக்கு மானப் பிரச்சினை. அம்மாவின் ஆண்ட்ராய்டு போனுக்கு வீடியோ ஒழுங்காகப் போவதில்லை என்று 2022-இல் ஒரு நிகழ்ச்சியில் ஒருவர் குறைப்பட்டபோது, அம்மாவுக்கு ஐபோன் வாங்கிக் கொடுங்கள் என்றார் ஆப்பிளின் சிஇஓ டிம் குக். 2024 மார்ச்சில் அமெரிக்க நீதித்துறை ஆப்பிள் மீது போட்ட வழக்கின் மனுவில் அந்தப் பதிலும் இடம்பெற்றது.

டிஎம்ஏவின் 7-வது பிரிவுதான் மெசேஜிங்குக்கானது. படிப்படியாகப் போகச் சொல்கிறது. முதல் கட்டம், இருவருக்கு இடையே எழுத்துச் செய்தி, படம், வீடியோ, குரல் பதிவு, கோப்பு. பட்டியலில் சேர்ந்த இரண்டு ஆண்டுக்குள் குழுக்கள். நான்கு ஆண்டுக்குள் குரல் அழைப்பும் வீடியோ அழைப்பும். வாட்ஸ்அப் விஷயத்தில் அது 2027 செப்டம்பர். ஸ்டேட்டஸ், ஸ்டிக்கர், பணம் அனுப்புவது எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை. கடமை ஒரு பக்கத்துக்கு மட்டுமே: சின்னச் செயலி கேட்டால் பெரிய செயலி இணைக்க வேண்டும், சின்னச் செயலி கேட்டுத்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. இணைப்பில் சேர்வதும் சேராததும் பயனரின் விருப்பம். இன்னொரு நிபந்தனை எல்லாவற்றையும்விடக் கனமானது: பெரிய செயலி தன் பயனர்களுக்குத் தரும் பாதுகாப்பு, எண்ட்-டு-எண்ட் என்க்ரிப்ஷன் உட்பட, இணைப்பிலும் குறையாமல் இருக்க வேண்டும்.

என்க்ரிப்ஷன் ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? மின்னஞ்சல் காலத்தில் இந்தப் பிரச்சினை இல்லை, ஏனென்றால் வழியில் இருக்கும் சர்வர் கடிதத்தைப் படிக்க முடியும். வாட்ஸ்அப்பில் செய்தியைப் பூட்டுவது அனுப்புபவரின் போன், திறப்பது பெறுபவரின் போன். நடுவில் யாரிடமும் சாவி இல்லை. இரண்டு செயலிகள் வெவ்வேறு விதமாகப் பூட்டினால், நடுவில் ஒரு பாலம் வைத்து மாற்றித் தரலாம். ஆனால் அது, தபால்காரர் உறையைப் பிரித்துக் கடிதத்தை வேறு உறையில் போட்டு ஒட்டி அனுப்புவது போலத்தான். பிரித்த அந்த நொடியில் ரகசியம் போய்விட்டது. எனவே இரு பக்கமும் ஒரே மாதிரிப் பூட்டைப் பயன்படுத்தியாக வேண்டும்.

மெட்டா 2024 மார்ச்சில் தன் நிபந்தனைகளை வெளியிட்டபோது இதற்குச் சொன்ன வழி: நாங்கள் பயன்படுத்தும் சிக்னல் நெறிமுறையை நீங்களும் பயன்படுத்துங்கள், வேறு ஏதாவது வேண்டுமானால், அது இதே அளவு பாதுகாப்பானது என்று நிரூபித்துக் காட்டுங்கள். சின்னச் செயலி மெட்டாவின் சர்வரோடு நேரடியாக இணைய வேண்டும், மெட்டாவோடு ஒப்பந்தமும் போட வேண்டும். சேவை ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்குள் மட்டும்.

பூட்டு ஒன்றானாலும் தீராத கேள்விகள் உண்டு. எதிரே இருப்பவர் உண்மையில் அவர்தானா என்று யார் உத்தரவாதம் தருவது? வேறொரு செயலியில் போலிக் கணக்கு திறந்து லட்சக்கணக்கில் மோசடி மெசேஜ் அனுப்பினால் வாட்ஸ்அப் எப்படித் தடுக்கும்? வாட்ஸ்அப்பில் முடக்கப்பட்டவர் வேறு செயலி வழியாக உள்ளே வரலாமா? செய்தியின் உள்ளடக்கம் பூட்டப்பட்டிருந்தாலும் யார் யாருக்கு எப்போது அனுப்பினார்கள் என்ற விவரம் இரண்டு கம்பெனிகளின் கண்ணிலும் படுமே, அதற்கு என்ன? இவையெல்லாம் மெட்டா கிளப்பும் சாக்குகள் என்று தள்ளிவிட முடியாது. டிஜிட்டல் அரெஸ்ட் மோசடிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கு, ஸ்பேம் என்பது சின்னக் கவலை இல்லை.

யார் யாருக்கு அனுப்பினார்கள் என்ற அந்த விவரக் கசிவுதான் வேடிக்கையான ஒரு நிலைமையை உண்டாக்கியது. வாட்ஸ்அப் பயன்படுத்தும் பூட்டை உருவாக்கியதே சிக்னல் பக்கத்து ஆட்கள். இணைப்பதற்குத் தொழில்நுட்பரீதியாக அவர்களைவிடப் பொருத்தமானவர் இல்லை. ஆனால் சிக்னல் வரமாட்டேன் என்றுவிட்டது. சுவிட்சர்லாந்தின் த்ரீமா செயலியும் மறுத்தது. யாரோடு யார் பேசுகிறார்கள் என்பதைக்கூடச் சேகரிக்காமல் இருப்பதுதான் இவர்களுடைய அடையாளமே. அதை மெட்டாவின் சர்வர் வழியாக அனுப்பினால் கடையைத் திறந்து வைத்திருப்பதற்கே காரணம் இல்லாமல் போகும்.

அப்படியானால் யார் வந்தார்கள்? 2025 நவம்பரில் வாட்ஸ்அப் ஐரோப்பாவில் இந்த வசதியைத் திறந்தபோது முதலில் இணைந்தவை பேர்டிசாட், ஹைகெட் என்ற இரண்டு செயலிகள். கேள்விப்பட்டதே இல்லையே என்று தோன்றினால் தவறில்லை, ஐரோப்பியர்களிலும் பலர் கேள்விப்பட்டதில்லை. வாட்ஸ்அப் பயனர் அமைப்புகளுக்குள் போய் இந்த வசதியைத் தானே இயக்க வேண்டும். வெளிச் செயலியிலிருந்து வருவதைத் தனிப் பெட்டியில் வைக்கலாம், வழக்கமான பட்டியலோடு சேர்த்தும் வைக்கலாம். குழுக்களுக்கான இரண்டாண்டுக் கெடு அதற்கு முன்பே முடிந்திருந்தாலும், இணையும் செயலிகள் தயாரான பிறகுதான் குழு வசதி என்றார்கள்.

சட்டம் தோற்றுவிட்டதா? அப்படிச் சொல்ல நான் தயாரில்லை. இருபத்தைந்து வருடமாக முடியாது முடியாது என்று சொல்லப்பட்ட ஒன்று, பூட்டு உடையாமல், கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் செயலியில் ஓடுகிறது. தொழில்நுட்பம் தடை என்ற வாதம் அதோடு பலமிழந்துவிட்டது. மிச்சம் இருப்பது வடிவமைப்புக் கோளாறு. விதிகளை எழுதுவது யார்? மெட்டா. தகுதியைச் சோதிப்பது? மெட்டா. பயனர் தேடிப்போய் இயக்க வேண்டிய பொத்தான் எந்த மூலையில் இருக்க வேண்டும் என்பதை வரைவதும் மெட்டா. ஆணையம் மேலே நின்று பார்க்கிறது, கேள்வி கேட்கிறது, அவ்வளவுதான். யாருடைய ஆதிக்கத்தைக் குறைக்க வேண்டுமோ அவரிடமே பேனாவைக் கொடுத்தால் இப்படித்தான் வரும்.

இதற்கு நேர் எதிரான வடிவமைப்பை நாம் தினமும் டீக்கடையில் பயன்படுத்துகிறோம். 2016-இல் வந்த யுபிஐயில் போன்பே வைத்திருப்பவர் கூகுள் பே க்யூஆரை ஸ்கேன் செய்து பணம் போடுகிறார். யாரும் யோசிப்பதுகூட இல்லை. அங்கே விதியை எழுதியது எந்தச் செயலியும் இல்லை, என்பிசிஐ என்ற பொது அமைப்பு. செயலிகள் எல்லாம் அதன் மேல் பிறகு வந்து உட்கார்ந்தவை. இணைப்பை இயக்கப் பொத்தான் எதுவும் தேட வேண்டாம், இணைப்பில்லாத யுபிஐ என்ற ஒன்றே இல்லை.

ஆனால் யுபிஐ இன்னொன்றையும் காட்டுகிறது, இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. இவ்வளவு திறந்த அமைப்பிலும் போன்பேயும் கூகுள் பேயும் சேர்ந்து ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு பரிவர்த்தனைகளை வைத்திருக்கின்றன. எந்தச் செயலியும் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று என்பிசிஐ 2020-இல் போட்ட வரம்பு, கெடு தள்ளித் தள்ளி 2026 கடைசிக்குப் போயிருக்கிறது. இணைப்பு இருந்தால் போட்டி தானாக வந்துவிடும் என்பது ஆசை. இணைப்பு செய்வது இவ்வளவுதான்: சின்னவர் தோற்றால் ஆள் இல்லாததால் தோற்க மாட்டார், வேறு காரணத்தால் தோற்பார். வெல்லவும் ஒரு வழி இருக்கும்.

இதற்கு எதிராக வைக்கப்படும் வாதங்களில் எனக்குக் கனமாகப் படுவது ஒன்று உண்டு. மெசேஜிங் செயலிகள் இலவசம், ஒருவரே நாலைந்து வைத்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப்போடு இணைப்பு வந்துவிட்டால், சிக்னலையோ அரட்டையையோ தனியாக இறக்க வேண்டிய தேவையே பலருக்கு இல்லாமல் போகும். அதாவது சின்னச் செயலிகளை வளர்க்கப் போட்ட சட்டம், அவற்றுக்கு ஆள் வரும் வழியை அடைத்துவிடலாம். தவிர, எல்லாச் செயலிகளும் ஒரே நெறிமுறைக்குக் கட்டுப்பட்டால் புதிய வசதியைக் கொண்டுவருவது மெதுவாகும். மின்னஞ்சல் இத்தனை ஆண்டுகளில் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பாருங்கள். மாறவில்லைதான், ஆனால் அதை யாரும் விலைக்கு வாங்கி மூடவும் முடியவில்லை. இரண்டில் எது வேண்டும் என்று கேட்டால் நான் இரண்டாவதையே எடுப்பேன்.

விலைக்கு வாங்குவது என்றதும் நினைவு வருகிறது. 2014-இல் ஃபேஸ்புக் (இன்றைய மெட்டா) வாட்ஸ்அப்பை 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தபோது, இரண்டு சேவைகளின் பயனர் கணக்குகளையும் தானாகப் பொருத்திப் பார்க்கத் தங்களால் முடியாது என்று ஐரோப்பிய ஆணையத்திடம் சொல்லி அனுமதி வாங்கியது. 2016-இல் அதையே செய்தது. தவறான தகவல் தந்ததற்காக 2017-இல் 11 கோடி யூரோ அபராதம் விதிக்கப்பட்டது, வாட்ஸ்அப்பை வாங்கியது ரத்தாகவில்லை. வாங்கும்போதே தடுத்திருந்தால் 7-வது பிரிவே தேவைப்பட்டிருக்காது என்று சொல்பவர்கள் உண்டு. ஓரளவு நியாயம்தான்.

இந்தியாவில் நிலைமை என்ன? 2024 மார்ச்சில் மத்திய அரசு நியமித்த குழு டிஜிட்டல் போட்டி மசோதாவின் வரைவை வெளியிட்டது. டிஎம்ஏவைப் பார்த்து எழுதியது என்பது படித்தாலே தெரியும்: பெரிய நிறுவனங்களுக்கு முன்கூட்டியே கடமைகள், உலக விற்றுமுதலில் 10 சதவீதம்வரை அபராதம், மெசேஜிங் சேவைகளும் பட்டியலில் உண்டு. ஆனால் 7-வது பிரிவுக்கு இணையான எதுவும் அதில் இல்லை. வாட்ஸ்அப் இந்த வரைவின் கீழ் வந்தாலும், அரட்டைக்குக் கதவு திறக்க வேண்டிய கட்டாயம் வராது. வரைவும் வரைவாகவே கிடக்கிறது.

அரட்டை பக்கம் இன்னொரு யோசனை ஓடுகிறது. அலை அடித்த அதே நாட்களில் ஸ்ரீதர் வேம்பு, மெசேஜிங் என்பது யுபிஐயும் மின்னஞ்சலும்போல இணைந்தியங்க வேண்டும், வாட்ஸ்அப்போல மூடிக் கிடக்கக் கூடாது என்று எழுதினார். நெறிமுறைகளைத் தரப்படுத்தி வெளியிட இந்திய மென்பொருள் துறையினரின் ஐஸ்பிரிட் அமைப்பைச் சேர்ந்த சரத் சர்மாவோடு பேச்சைத் தொடங்கியிருப்பதாகவும் சொன்னார். சின்னவராக இருக்கும்போது கதவைத் திறப்பது லாபம் என்று மேலே சொன்னதை இங்கேயும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அதோடு, அப்போது அரட்டையில் அழைப்புகளுக்குத்தான் எண்ட்-டு-எண்ட் என்க்ரிப்ஷன் இருந்தது, எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. ஐரோப்பியச் சட்டத்தின் கீழாக இருந்திருந்தால், வாட்ஸ்அப் அந்த ஒரு காரணத்தைக் காட்டியே இணைப்பை மறுத்திருக்க முடியும்.

இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பில், எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத பொது நெறிமுறைக்கான வேலை ஏற்கெனவே நடக்கிறது. குழு உரையாடல்களைப் பூட்டுவதற்கான எம்எல்எஸ் என்ற தரம் 2023 ஜூலையில் வெளியானது. அதன் மேல் செயலிகளுக்கு இடையேயான இணைப்பைக் கட்ட 'மிமி' என்ற பணிக்குழு இருக்கிறது. அது முடிந்து வந்தாலும் மெட்டா அதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று டிஎம்ஏ சொல்லவில்லை. அந்த ஒரு வரியைச் சேர்த்து, தகுதி பார்க்கும் வேலையைக் கம்பெனியிடமிருந்து எடுத்து டிராய் மாதிரியான ஒரு அமைப்பிடம் கொடுக்கும் சட்டத்தை எந்த நாடு முதலில் எழுதுகிறதோ, அங்கே சிக்னலும் த்ரீமாவும்கூட உட்கார்ந்து பேச வரலாம்.